கார்னருக்கு ஒரு ஊக்கு

தேனிக்குத்தானக்கா போறீங்க? நல்லதாப் போச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்தக் கூடைய கால்மாட்டுல வச்சுக்கிறேன். கூடையில ஒண்ணுமில்ல, எலுமிச்சம்பழ சாதமும் தண்ணி பாட்டிலும்தான். சாப்பிடுறீங்களா? எனக்கு எறங்காது.

ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே. தேனிக்காரங்க எப்படி ஆளுங்க? சிரிக்காதீங்கக்கா. நீங்க அந்த ஊருக்கு வாக்கப்பட்டவங்கன்னு சொல்றீங்க, ஒங்களுக்குத் தெரியாதா. வெளியூர்ப் பொண்ணு ஒருத்தி வர்றா, அவ மேல இவங்களுக்குக் கோவம் இருக்கு. காலை ஒடிக்கிற அளவுக்குப் போவாங்களா? அடிச்சுத் தொரத்துறத சொல்லல. விளையாட்டுக்குள்ள வச்சு, யாருக்கும் தெரியாம, முட்டிய பாத்து ஒரு மிதி. அந்த மாதிரி.

எம் பொண்ணு காலுதான்க்கா. வேற யாரு காலுக்கு நான் இப்படிப் பஸ் ஏறி வரப் போறேன்.

பிரின்சின்னு பேரு. திண்டுக்கல்லுல காலேஜ் ரெண்டாவது வருசம். ஃபுட்பால் பிளேயர். ஸ்டாப்பர்னு சொல்வாங்க, கோலுக்கு முன்னால நின்னு வர்றவளத் தடுக்கணும். அதுக்குத்தான் காலேஜுல ஃபீஸ் இல்லாம சீட்டு குடுத்தாங்க. இந்த வருசம் கேப்டன் வேற. இன்னிக்கு மூணு மணிக்கு ஃபைனல், ஒங்க ஊரு காலேஜு கிரவுண்டுல, ஒங்க ஊரு பொண்ணுங்களோடதான். புள்ளைங்க எல்லாம் நேத்தே வந்துட்டாங்க. நான் வர்றதா இல்ல. எனக்கு மில்லுல ஷிப்ட். என் பேரு ஞானசௌந்தரி, நூல் மில்லுல கோன் வைண்டிங், கோன்ல நூலு சுத்துற வேலை பாக்குறேன். லீவு சொன்னா சூப்பர்வைசர் மூஞ்சி போற போக்கு ஒங்களுக்குத் தெரியாது. இருந்தாலும் கெளம்பிட்டேன். ஏன்னா அவ ஒண்ண மறந்து வச்சுட்டுப் போயிட்டா.

இதோ. இதத்தான்.

ஊக்குதான்க்கா. நீங்க சேப்டி பின்னும்பீங்க. சாதாரண ஊக்குன்னு நெனைக்காதீங்க, இது பெரிய சைஸு, துருப் பிடிக்காது. காலையில வீட்டுல மாதா சுரூபத்துக்கு மெழுகுவத்தி ஏத்தப் போறேன், செலைக் காலடியில கெடக்கு. கையோட எடுத்துக்கிட்டேன். அவ அத விட்டுட்டு விளையாடப் போக மாட்டா. எப்பவும் கேப்டன் பட்டையில குத்தித்தான் வச்சிருப்பா. கையில கட்டுற பட்டை இருக்குல்ல, காலேஜுல குடுத்தது பழசு, எலாஸ்டிக் போயி லொடலொடன்னு இருக்கும். அதனால ஊக்குக் குத்தி மேல பிளாஸ்திரி ஒட்டிருவா. ரெஃப்ரி நகத்தப் பாப்பாரு, தோடு மூக்குத்தியக் கழட்டச் சொல்லுவாரு, பட்டைய யாரு பாக்குறா.

அவசரத்துல மறந்துட்டா. நேத்துக் கெளம்புறப்ப சாமி கும்பிட்டா, அங்கனயே வச்சுட்டா. வேற என்ன.

மூடித்தான்க்கா வச்சிருக்கேன், பயப்படாதீங்க. பழக்கதோசம், பேசிக்கிட்டே இருந்தா விரலு தானாத் தெறந்துரும்.

ஊக்கு எதுக்குன்னு கேக்குறீங்களா. நீங்களும் பஸ்ல போறவங்கதான, நான் சொல்லியா தெரியணும். பிரின்சி ஒம்பதாவது படிக்கையில டவுன் பஸ்ல போய்ட்டு வருவா. ஒரு நாள் வந்து பைய வீசிட்டு மூலையில உக்காந்துட்டா. இனிமே பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறா. ஏண்டின்னு நான் கேக்கவே இல்ல. நானும் மில்லு பஸ்சு வர்றதுக்கு முன்னால டவுன் பஸ்ல நசுங்குனவதான. எவனோ ஒருத்தன், நெஞ்சோட ஒரு பைய அணைச்சுக்கிட்டு நிப்பான், பைக்குக் கீழ கை இருக்கும். இதக் குடுத்துச் சொன்னேன். வாயத் தெறக்காத. தெறந்தா எல்லாரும் ஒன்னையத்தான் திரும்பிப் பாப்பாங்க. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் எடையில வச்சுக்க. மூஞ்சிய வெளிய திருப்பிக்க. குத்து. குத்திட்டு நீ பாட்டுக்கு வேடிக்க பாரு. கத்துறது அவனா இருக்கட்டும்.

மறுநாள் சிரிச்சுக்கிட்டே வந்தாக்கா. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் மட்டம் போட்டதில்ல.

செம்பட்டி வந்துருச்சா? இன்னும் வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம். எதுக்கு இந்த டிரைவர் இப்படி உருட்டுறாரு. மெதுவாப் போனாலும் பயமா இருக்கு, வெரசாப் போனாலும் பயமா இருக்கு.

ஃபுட்பால் நீங்க பாத்திருக்கீங்களா? டிவில பாக்குறது வேற. அவங்க ஓடுவாங்க, பாஸ் பண்ணுவாங்க, கோல் போட்டாக் கட்டிப் பிடிப்பாங்க. நேர்ல பாருங்க, கார்னர்னு ஒண்ணு வரும். மூலையில வச்சு ஒருத்தி ஒதைப்பா. பந்து வந்து விழுகுறதுக்குள்ள கோலுக்கு முன்னால அம்புட்டுப் பேரும் ஒட்டிக்கிட்டு நிப்பாளுக. தீபாவளிக்கு மொத நாளு டவுன் பஸ்சு தோத்துரும். ரெஃப்ரி ஒரே ஆளு, அவரு பந்தத்தான் பாப்பாரு. அதுக்குள்ள நடக்குறது நமக்குத்தான் தெரியும். சட்டைய இழுப்பாளுக. ஆணிச் செருப்போட கால மிதிப்பாளுக. முழங்கை விலாவுல ஏறும். இடுப்புல கிள்ளுவாளுக. காதுகிட்ட வந்து அம்மா அப்பாவ இழுத்துக் கெட்ட வார்த்த பேசுவாளுக, பொம்பளப் புள்ளைங்க. பிரின்சி வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டுனா விலாவெல்லாம் நாவப்பழக் கலருல இருக்கும். நான் தேங்கா எண்ணெ தேய்ச்சு விட்டுக்கிட்டே அழுவேன்.

பி.டி. மேடத்துக்கிட்டப் போயிச் சொன்னேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "இதெல்லாம் கேம்ல உண்டும்மா. அவளும் குடுக்கக் கத்துக்கணும்." அப்படின்னாங்க. படிச்சவங்க பேசுற பேச்சா இது?

அன்னிக்குத்தான் வீட்டுக்கு வந்து எம் பொண்ணுகிட்டச் சொன்னேன். ஏண்டி, பஸ்ல நின்னப்ப ஒனக்கு என்ன சொன்னேன்? அதத்தான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல.

ஆனா ஒண்ணுக்கா, எம் பொண்ணு அழுக்கு ஆட்டம் ஆடுறவ இல்ல. இத நீங்க யாருகிட்ட வேணாலும் கேக்கலாம். முழங்கையத் தூக்க மாட்டா. கால மிதிக்க மாட்டா. ஒரு மஞ்சக் கார்டு வாங்குனதில்ல. நல்ல ஒழுக்கமான பிளேயர்னு போன வருசம் கப்பு குடுத்தாங்க. பக்கத்துல வந்து இடிக்கிறவள ஒரு பொட்டுக் குத்து, அம்புட்டுத்தான். அவ திடுக்குனு திரும்புவா, அதுக்குள்ள இவ பந்தத் தட்டி விட்டுருவா. பட்டையச் சரி பண்ற மாதிரி ஊக்கத் திரும்பக் குத்திக்குவா. யாருக்கும் எதுவும் இல்ல.

அப்படித்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. அந்த தேனி மேட்ச் வரைக்கும்.

லீக் மேட்ச்சுக்கா. எங்க காலேஜு கிரவுண்டுல. நானும் பாக்கப் போயிருந்தேன். ஒங்க ஊரு டீம்ல கார்த்தீஸ்வரின்னு ஒருத்தி, பனை மரம் கணக்கா ஒசரம். கார்னர் வந்தாப் போதும், எல்லாரு தலைக்கும் மேல எம்பி எந்திரிச்சுப் பந்தத் தலையால முட்டுவா. அன்னிக்கு மொதப் பாதியிலயே ஒரு கோல் முட்டிட்டா. அப்படி எந்திரிக்கையில அவ முழங்கை பிரின்சி புருவத்துல பட்டு ரத்தம் கொட்டுது. நான் எந்திரிச்சுக் கத்துறேன், ரெஃப்ரி ஃபவுல்கூடக் குடுக்கல. தெரியாமப் பட்டுச்சாம். அந்தப் பொண்ணு வந்து சாரி சொல்லித் தோள்ல தட்டிட்டுப் போச்சு. நடிப்பு.

முடியப் போற நேரத்துல திரும்பவும் அவங்களுக்கு ஒரு கார்னர். பிரின்சி அவ பின்னாலயே நின்னா. நான் பாத்தேன், பட்டையத் தொட்டா. எனக்கு மட்டும்தான் தெரியும் அது என்னன்னு. நல்லதும்மான்னு மனசுக்குள்ள சொன்னேன். பந்து வந்துச்சு. கார்த்தீஸ்வரி எந்திரிச்சா. அந்தரத்துல ஒரு கத்து கத்துனாக்கா. முதுகு வளைஞ்சு, அப்படியே திரும்பி, ஒரு காலு மேல விழுந்தா. முட்டி ஒரு பக்கம் போச்சு, பாதம் ஒரு பக்கம் போச்சு. கரும்ப ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம், படிக்கட்டுல உக்காந்திருந்த எனக்கே கேட்டுச்சு.

முட்டி ஒடிஞ்சு கெடக்கா, ஆனா கையி இடுப்பத்தான் தடவுது. என்னமோ குத்துச்சு, என்னமோ குத்துச்சுங்கிறா. ரெஃப்ரி தரையில தேடுறாரு. நான்தான் ஓடிப் போயிச் சொன்னேன், இங்க கருவேல முள்ளு நெறைய கெடக்கும் சார், காத்துல அடிச்சுட்டு வரும்னு. பொய்யில்லக்கா, நெசமாவே முள்ளு கெடக்கும் அங்க. அவங்க அம்மா வரல போலருக்கு, பாவம், வலியில புள்ளைக்கு ஒதடெல்லாம் வெளுத்துப் போச்சு. நான்தான் தலையத் தூக்கி மடியில வச்சுத் தண்ணி குடுத்தேன். பெத்தவ நானு, பாத்துக்கிட்டு நிக்க முடியுமா. அந்தப் பொண்ணு தண்ணியக் குடிச்சுக்கிட்டே எங் கையப் பாத்துச்சு, அப்புறம் பின்னால நின்ன பிரின்சியப் பாத்துச்சு. என்னத்தப் பாத்துச்சோ.

ஆபரேஷன் பண்ணியும் இந்த வருசம் ஓட முடியாதாம். அடுத்த வருசமும் பாக்கணும்ங்கிறாங்களாம். எலும்பு வீக்கா இருந்திருக்கும். அம்புட்டு ஒசரத்துக்கு ஒடம்புல தெம்பு வேணும்ல.

இப்ப சொல்லுங்க, நான் ஏன் பயப்படுறேன்னு ஒங்களுக்குப் புரியுதா? அவங்களுக்கு ஏதோ சந்தேகம் இருக்குக்கா. இல்லாட்டி அன்னில இருந்து எம் பொண்ணு ஏன் இப்படி ஆகணும்? சோறு எறங்கல. ராத்திரி பொரண்டுக்கிட்டே கெடக்கா. தூக்கத்துல கத்துறா. போன்ல தேனிக்காரிங்க ஏதோ மெரட்டுறாளுகன்னு எனக்குத் தோணுது. போனப் பாத்தா அழுவா, நான் போனா வச்சுருவா. கண்ணேறு பட்டுருச்சுன்னு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி ஃபாதர்கிட்டத் தலையில கை வச்சு செபிக்கச் சொன்னேன். ஃபாதர் கைய வச்சதும் குலுங்கிக் குலுங்கி அழுகுறா. செஞ்ச பாவத்த ஃபாதர்கிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னு உள்ள போனவ வெளிய வர நேரமாச்சு. பயந்த சுபாவம்க்கா. என்னைய மாதிரியே.

ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தப் பொண்ணப் பாத்துட்டு வரவான்னு கேட்டா. கூடவே கூடாதுன்னுட்டேன். அங்க அவ ஆளுங்க இருப்பாங்க. ஒன் மூஞ்சி கண்ணாடி மாதிரி, பாத்தாத் தெரிஞ்சிரும்னேன். தலைய ஆட்டுனா. அன்னிக்கு எக்ஸ்ட்ரா பிராக்டீஸுன்னு லேட்டா வந்தா, நல்ல புள்ள.

வத்தலக்குண்டு தாண்டிருச்சுல்ல? மலை தெரியுது.

இன்னிக்கு அந்தப் பதினோரு பேரும் எம் பொண்ணு காலத்தான் பாப்பாளுக. பந்த எவ பாக்கப் போறா. கார்னர் வரும், எல்லாரும் ஒட்டி நிப்பாளுக, இவ பட்டையத் தொடுவா, ஊக்கு இருக்காது. அப்பத்தான் ஞாபகம் வரும் புள்ளைக்கு. அந்த ஒரு நொடி அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன், மில்லுக்குப் போக மனசு வரல. மேட்ச் ஆரம்பிக்கிறதுக்குள்ள எப்படியாச்சும் கையில குடுத்துறணும். கேட்டுல விட மாட்டாங்களோ? எலுமிச்சம்பழ சாதம்னு சொல்லி உள்ள போயிரலாம். டப்பா மூடிக்குள்ள ஒட்டி வச்சுக் குடுத்துருவேன்.

இருங்க, போன் அடிக்குது. அவதான். இருங்கக்கா.

சொல்லுடா தங்கம். சாப்பிட்டியா? ... பஸ்ல. தேவதானப்பட்டி வரப் போகுது. ... ஆமா, தேனிக்குத்தான். நீ ஊக்க மறந்து வச்சுட்டுப் போயிட்டடி. மாதா காலடியில கெடந்துச்சு. அதான் எடுத்துக்கிட்டு... என்னது? ... சத்தமாப் பேசு, கேக்கல. ... மறக்கலயா? மறக்காம எப்படி அங்க கெடக்கும்? ... வேணும்னே வச்சுட்டுப் போனியா? யாருகிட்டச் சொல்லிட்ட? ... ஏண்டி, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா. ஆஸ்பத்திரிக்கா? நான் போக வேணாம்னு சொன்னேன்ல. ... அழுகாத. அழுதுக்கிட்டே பேசுனா எனக்கு ஒண்ணும் புரியல. அவ என்ன சொன்னா? ... திரும்பச் சொல்லு. ... மேடத்துக்கிட்டயும் பட்டையக் கழட்டிக் குடுத்துட்டியா. கேப்டன் இல்லயா நீ இப்ப. ... அப்ப கார்னர் வந்தா என்னடி செய்வ? ... பிரின்சி. ஏய். நான் வர்றேன், நீ கிரவுண்டுல எறங்காத. கால் வலின்னு சொல்லிட்டு உக்காந்துரு. பிரின்சி.

வச்சுட்டா.

கேட்டீங்களாக்கா. அவ அந்தப் பொண்ணுகிட்டப் போயிச் சொல்லிட்டாளாம். நான்தான் குத்துனேன்னு. கட்டிலு பக்கத்துல நின்னு சொன்னாளாம். அந்தப் பொண்ணு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிச்சாம். அப்புறம் ரெண்டு நாளு கழிச்சு போன்ல பேசி அனுப்பியிருக்கா. அதத்தான் இவ கேட்டுக் கேட்டு அழுதிருக்கா. "ஃபைனலுக்கு வாங்கக்கா. ஊக்கு இல்லாம வந்து ஆடுங்க. நான் பாக்கணும்." அம்புட்டுத்தானாம். இன்னிக்கு கார்னர் கொடி பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்காளாம், காலுல கட்டோட. எம் பொண்ணு சொல்றா, அவ அப்படி ஒரு வார்த்த சொன்னதுக்கப்புறம் நான் எப்படிம்மா எடுத்துட்டுப் போவேன்னு.

பாருங்க, எப்படித் திட்டம் போட்டிருக்காளுக. எம் பொண்ண வெறுங்கையோட வரச் சொல்லி, நடுவுல நிக்க வச்சு. பாக்கணுமாம். எதப் பாக்கணும்? எம் பொண்ணு விழுகுறதத்தான? இது சின்னப் புள்ள, நம்பிருச்சு. கார்னர் வந்தா என்னடி செய்வன்னு கேட்டதுக்கு, சும்மா நிப்பேன்மா, முட்டுனா முட்டட்டும்ங்கிறா. சும்மா நிப்பாளாம். சும்மா நின்னவளுக்கு என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? நான் நின்னிருக்கேன்க்கா. எனக்கு யாரும் ஊக்குக் குடுக்கல. எத்தன வருசம் சும்மா நின்னிருப்பேன், பல்லக் கடிச்சுக்கிட்டு, எறங்குற இடம் வராதான்னு. அதனாலதான எம் பொண்ணு கையில...

ஐயோ மாதாவே.

என்னக்கா, ஏன் கத்துறீங்க? மாடு குறுக்க வந்துருச்சு, டிரைவர் பிரேக்கப் போட்டுட்டாரு. புடிக்க ஒண்ணும் கெடைக்கல, அதான் ஒங்க கையப் புடிச்சேன். இதுக்குப் போயி... ஐயையோ. ஊக்கு. தெறந்திருந்துச்சா? காட்டுங்க, ரத்தமா வருது? ஆழமாப் போயிருச்சோ. இல்லல்ல, பொட்டுதான், பொட்டுதான். எனக்குத் தெரியலக்கா, விரலு தானாத் தெறந்துருச்சு. வேணும்னு பண்ணுவேனா? எனக்கும் ஒங்களுக்கும் என்ன.

ஒண்ணுமில்ல கண்டக்டர் தம்பி. சீட்டுல ஏதோ ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு. அக்காவுக்குக் குத்திருச்சு. நீங்க போங்க.

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க.

அவரு சும்மா பெரிசு பண்ணிருவாருன்னு சொன்னேன். இந்த பஸ்ல ஆணி இல்லாத சீட்டு இருக்கா, நீங்களே சொல்லுங்க. அப்படிப் பாக்காதீங்க, எனக்கு என்னமோ செய்யுது. இதோ மூடிட்டேன், பாருங்க. முந்தானையில முடிஞ்சுட்டேன். கையில ஒண்ணுமில்ல. ரெண்டு கையும் பாருங்க, வெறுங்கை.

ஏன் எந்திரிக்கிறீங்க? தேனி இன்னும் வரலயே. பெரியகுளமே வரல. முன்னால எடமில்லக்கா, நின்னுக்கிட்டா போவீங்க, ரத்தக் கையோட. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? ஒதடெல்லாம் வெளுத்துப் போச்சு ஒங்களுக்கு. இந்தாங்க, நான் மூடியத் தெறந்து தர்றேன், நல்ல தண்ணிதான், வீட்டுல இருந்து கொண்டாந்தது. ஒரு வாய் குடிங்க.

நானே பயந்து போயி வந்தவ. என்னையப் பாத்து நீங்க எதுக்குக்கா பயப்படுறீங்க?